ஆறில்லாத தீவின் நீர்ச்சொற்கள்

மால்டாவில் ஆறு கிடையாது, ஏரியும் கிடையாது. சிசிலிக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலின் நடுவில், 316 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் சுண்ணாம்புப் பாறைத் தீவுக்கூட்டம் அது. ஆண்டுக்குச் சுமார் 550 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதிலும் பெரும்பகுதி குளிர்கால மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆனாலும் அங்குள்ளவர்கள் பேசும் மால்டிய மொழியில் ஆற்றுக்கு ஒரு சொல் உண்டு: ஷ்மாரா. அது சிசிலிக்காரர்களிடம் வாங்கியது. ஏரியைச் சொல்லும் லாக், காட்டைச் சொல்லும் ஃபொரெஸ்டா, தோப்பைச் சொல்லும் பொஸ்க் மூன்றும் இத்தாலிய வழி வந்தவை. தன் மண்ணில் இல்லாதவற்றின் பெயர்களை மால்டா வெளியிலிருந்து கப்பலில் இறக்கிக்கொண்டது.

இருப்பவற்றின் கதை வேறு. சுனைக்கு ஆயின், கிணற்றுக்கும் மழைநீர்த் தொட்டிக்கும் பிர், மழை வந்தால் மட்டும் ஓடும் ஓடைக்கு வீத், செம்மண்ணுக்கு ஹம்ரீயா, களிமண்ணுக்கு தஃபல். உழவர் வாயில் புழங்கும் இந்தச் சொற்கள் அரபி வேரில் முளைத்தவை. மால்டிய அகராதிச் சொற்களின் பிறப்பை ஆராய்ந்த ஜோசப் பிரின்காட் என்ற மொழியியலாளர், அவற்றில் சுமார் 52 விழுக்காடு சிசிலிய-இத்தாலிய வழியில் வந்தவை, 32 விழுக்காடு அரபி, 6 விழுக்காடு ஆங்கிலம் என்று கணக்கிட்டார். தொகையில் அரபி இரண்டாம் இடம்தான். ஆனால் தண்ணீர், மண், பயிர், வீடு, உடம்பு என்று வாழ்வின் அடித்தளத்துக்கு இறங்கினால் அங்கே அரபிதான் ஆட்சி செய்கிறது.

இதற்குக் காரணம் 870ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அந்த ஆண்டு வட ஆப்பிரிக்க அரபுப் படைகள் பைசாந்தியரிடமிருந்து தீவைக் கைப்பற்றின. அல்-ஹிம்யரி என்ற அரபு எழுத்தாளரின் குறிப்பை நம்பினால், அதன் பிறகு மால்டா நெடுநாள் ஆளற்றுக் கிடந்து, 1049 வாக்கில்தான் மீண்டும் குடியேற்றம் பெற்றது. அப்படி வந்தவர்கள் சிசிலியில் வழங்கிய அரபியோடு வந்தார்கள். 1091இல் நார்மானியர் வந்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். தீவு முழுக்கக் கிறிஸ்தவமானது. மொழி மட்டும் போகவில்லை. இன்றும் மால்டியக் கத்தோலிக்கர் கடவுளை அல்லா என்றே அழைக்கிறார்கள். தவக்காலத்தை ரந்தான் என்கிறார்கள், ரமலானின் திரிபு அது. மதத்தை மாற்றியவர்களாலும் கிணற்றின் பெயரை மாற்ற முடியவில்லை.

வயல்களை மால்டிய உழவர் இரண்டாகப் பிரிக்கிறார்கள். நீர் பாய்ச்ச வழியுள்ளது சக்வி. வானம் பார்த்த பூமி பாலி. சக்வியின் வேர், நீர் ஊட்டுதலைக் குறிக்கும் அரபு வினை. பாலி இன்னும் பழையது. மழையை மட்டும் நம்பிய நிலத்தை அரபியிலும் இதே சொல்லால்தான் குறிப்பார்கள். அதைக் கானானியரின் புயல் தெய்வமான பாகாலோடு அறிஞர்கள் தொடர்புபடுத்துகிறார்கள். ஒரு மனிதன் நீர் பாய்ச்சும் நிலம், ஒரு தெய்வம் நீர் பாய்ச்சும் நிலம். அந்தத் தெய்வத்தை வணங்கியவர்கள் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. விவசாயி இன்னும் அவன் பெயரால் தன் வயலைக் குறிக்கிறான்.

தீவின் நீர் எங்கே இருக்கிறது என்பதைப் பாறை அடுக்குகள் சொல்கின்றன. மேலே துளைகள் நிறைந்த பவளச் சுண்ணாம்புப் பாறை. அதன் கீழே நீர் இறங்காத நீலக் களிமண். அதற்கும் கீழே ஃப்ராங்கா என்ற மென்மையான மஞ்சள் கல். மால்டாவின் வீடுகளும் தேவாலயங்களும் பெரும்பாலும் இதில் கட்டியவை. அடியில் மறுபடியும் கடினமான பவளச் சுண்ணாம்பு. மழைநீர் மேல்பாறையில் ஊறி இறங்குகிறது, களிமண் அதைத் தட்டுப் போல ஏந்திக்கொள்கிறது. களிமண் வெளியே தலைகாட்டும் குன்றுச் சரிவுகளில் அந்த நீர் சுனையாகக் கசிகிறது. மேற்கே ரபாத், டிங்லி பக்கத்து மேடுகளில் சுனைகள் நெருங்கி இருப்பதன் காரணம் இதுதான். இடைக்கால உழவர்கள் அங்கே களிமண்ணுக்குச் சற்று மேலே பாறையைக் கிடைமட்டமாகக் குடைந்து, கசியும் நீரைத் தம் வயலுக்கு இழுத்தார்கள்.

மால்டிய மொழியில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய இலக்கியமும் இந்தக் களிமண்ணைத்தான் பேசுகிறது. ம்டினா நகரத்தைச் சேர்ந்த பீட்டர் கஷாரோ 15ஆம் நூற்றாண்டில் எழுதிய, கான்டிலேனா என்று அழைக்கப்படும் 20 வரிப் பாடல் அது. பழைய பத்திரப்பதிவு ஏடு ஒன்றில் படியெடுக்கப்பட்டுக் கிடந்த அதை 1966இல் காட்ஃப்ரி வெட்டிங்கர், மிகியேல் ஃப்சாத்னி என்ற இரு ஆய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். பாறை இருக்கும் என்று நம்பி வீடு கட்டியவன், அடியில் தஃபல் இருந்ததால் அது இடிந்துபோனதைச் சொல்லிப் புலம்புகிறான். வீட்டை வைத்து வாழ்க்கையைச் சொல்லும் உருவகம்தான். ஆனால் மால்டாக்காரன் ஒருவனுக்கே தோன்றக்கூடிய உருவகம். கட்டடத்துக்குத் துரோகம் செய்யும் அதே தஃபல்தான் ரபாத் மேட்டில் சுனைகளைக் காப்பாற்றி வைத்திருந்தது.

உழவன் சொல் அரபி என்றால், மாலுமி சொல் பெரும்பாலும் இத்தாலியம். வடமேற்குக் காற்று மய்யிஸ்ட்ரால், வடகிழக்குக் காற்று கிரிகால், தென்மேற்குக் காற்று ல்பீச். தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு இந்தத் தீவு அந்நியமல்ல. அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் கப்பல் உடைந்து கரையேறிய மெலித்தா இதுதான் என்பது மரபு. அந்தக் கப்பலை அலைக்கழித்த கடுங்காற்று, இன்றும் குளிர்காலத்தில் துறைமுகங்களைப் பயமுறுத்தும் கிரிகால்தான் என்று மால்டாக்காரர்கள் நம்புகிறார்கள்.

1524இல் புனித ஜான் வீரத்துறவியர் இந்தத் தீவைப் பார்வையிட ஒரு குழுவை அனுப்பினார்கள். ரோட்ஸ் தீவை ஒட்டோமான்களிடம் இழந்து, தங்க இடம் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. குழு திரும்பிவந்து தந்த அறிக்கை வெறுங்கல்லைப் பற்றியது: மண் சில அடி ஆழம்தான், ஓடும் நீர் இல்லை, விறகு அத்தனை அரிதாக இருப்பதால் எடைபோட்டு விற்கிறார்கள், மக்கள் வெயிலில் காய்ந்த சாணத்தையும் முட்செடியையும் எரித்துச் சமைக்கிறார்கள். வேறு போக்கிடம் இல்லாததால் 1530இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸிடமிருந்து தீவைப் பெற்றுக்கொண்டார்கள். வாடகை, ஆண்டுக்கு ஒரு வல்லூறு.

1566இல் அவர்கள் வாலெட்டா நகரத்துக்கு அடிக்கல் நாட்டிய இடம், சுனையே இல்லாத ஒரு பாறை முனை. கோட்டைக்கு ஏற்ற இடம், தாகத்துக்கு ஏற்றதல்ல. அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிர் இருக்க வேண்டும் என்று கட்டட விதியிலேயே எழுதினார்கள். தரையில் குடைந்தெடுத்த கல் சுவராக எழுந்தது, கல் எடுத்த பள்ளம் மொட்டைமாடியில் விழும் மழையைச் சேமிக்கும் தொட்டியானது. வீடும் கிணறும் ஒரே வெட்டில் பிறந்தன. தண்ணீர்ப் பஞ்சத்துக்கு இதைவிடச் சுருக்கமான விடையை எந்த நகரமும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

நகரம் வளர்ந்தபோது மழைத்தொட்டி போதவில்லை. 1610இல் தலைமை வீரத்துறவி அலோஃப் டி விக்னக்கோர் நீர்வழி கட்டத் தொடங்கினார். டிங்லி, ரபாத் மேட்டுச் சுனைகளின் நீரை வாலெட்டாவுக்குக் கொண்டுவருவதே திட்டம். முதலில் பொறுப்பேற்றவர் நத்தாலே மசூச்சோ என்ற ஏசுசபைத் துறவி. முடித்தவர் பொலோனியாவைச் சேர்ந்த போன்டாடினோ டி போன்டாடினி. தரை சரியும் அத்தார்ட் பகுதி வரை கால்வாய் நிலத்தடியில் வந்தது. அதன்பின் பள்ளத்தைக் கடக்க நூற்றுக்கணக்கான கல் வளைவுகள் எழுந்தன. நீர் கசியாமல் இருக்க எரிமலைச் சாம்பல் கலந்த சாந்து பூசினார்கள். 1615 ஏப்ரலில், சுமார் 16 கிலோமீட்டர் கடந்து, நீர் வாலெட்டாவின் சதுக்கத்து ஊற்றில் கொட்டியது. சான்ட்டா வெனேரா, பிர்கிர்காரா சாலையோரம் அந்த வளைவுகள் இன்றும் நிற்கின்றன.

அந்நீர் நகரத்துக்கானது. கிராமத்து உழவனுக்குத் துணை சீன்யாதான். விலங்கு வட்டமாகச் சுற்றி நடக்க, சக்கரத்தில் கோத்த மண்கலயங்கள் கிணற்றில் மொண்டு மேலே கொட்டும் பழைய எந்திரம் அது. கொட்டிய நீர் ஜீப்யா என்ற கல்தொட்டியில் தேங்கி, அங்கிருந்து வாய்க்காலில் வயலுக்குப் போகும். பெயர்கள் இரண்டும் அரபி. பின்னாளில் இரும்புக் காற்றாடி இறைப்பான்கள் வந்தபோது மக்கள் அவற்றுக்கு ரத்தீனா என்று, நூல் நூற்கும் ராட்டையின் பெயரைச் சூட்டினார்கள். வயலைச் சுற்றிச் சாந்தில்லாமல் கல் அடுக்கிய சுவர்கள் இருந்தன. ஹாயித் தஸ்-ஸெய்யீஹ் என்ற அந்தச் சுவர் சரிவில் மண்ணை நிறுத்தி நீரை மட்டும் இடுக்குகளில் கசியவிடும். சாந்து பூசிய சுவர் அப்படிச் செய்யாது. அதன் பின்னால் நீர் தேங்கினால் சுவரே சரியும். இந்தச் சுவர்களைக் காக்க மால்டா 1997இல் தனி விதிகள் இயற்றியது.

பிரித்தானியர் ஆட்சியில் ஆங்கிலச் சொற்களோடு ஆங்கிலப் பொறியியலும் வந்தது. 1881இல் ஸ்லீமா பக்கம் டிக்னேயில், படைவீரர்களுக்காகக் கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் ஆலை கட்டப்பட்டது. ஓஸ்பெர்ட் சாட்விக் என்ற பொறியாளர், லண்டன் சுகாதாரச் சீர்திருத்தவாதி எட்வின் சாட்விக்கின் மகன், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் ஓடையின் குறுக்கே வரிசையாகச் சிற்றணைகள் கட்டினார். மழைநீரைத் தேக்கி நிலத்தடியில் ஊறவிடுவதே நோக்கம். அந்த ஓடையின் மால்டியப் பெயர் வீத் இல்-க்லெய்யா. ஆனால் வழக்கில் அது சாட்விக் ஏரிகள் ஆகிவிட்டது. உண்மையில் அங்கே ஏரி இல்லை; கோடையில் பெரும்பாலும் வறண்ட தரைதான். ஆங்கிலப் பெயரை நம்பிப் படகு ஓட்ட வருபவர் ஏமாறுவார். வீத் என்ற சொல் அறிந்தவர் ஏமாற மாட்டார்.

இரு மொழிகளின் இந்த உறவு 20ஆம் நூற்றாண்டில் சட்டமாக மாறியது. அதுவரை நீதிமன்றத்திலும் படித்தவர் வீட்டிலும் கோலோச்சியது இத்தாலியம். 1934இல் மால்டியம் ஆட்சிமொழித் தகுதி பெற்றது. 1936இல் இத்தாலியம் அந்தத் தகுதியை இழந்தது. 1964இல் விடுதலையோடு வந்த அரசியலமைப்பு, சட்டங்கள் மால்டியத்திலும் ஆங்கிலத்திலும் இயற்றப்பட வேண்டும், இரண்டும் முரண்பட்டால் மால்டிய வாசகமே நிற்கும் என்று பொது விதி வகுத்தது. கிணற்றடி மொழி நீதிபதியின் மேசைக்கு வந்தது.

அப்படி வந்தபின் இயற்றிய சட்டங்களில் அழகானது 1973ஆம் ஆண்டின் வளமண் பாதுகாப்புச் சட்டம். வளமான மண்ணைக் கட்டடத்துக்கு அடியில் புதைக்கக்கூடாது. அந்த ஹம்ரீயாவை அள்ளி விளைநிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மனை விலை ஏறிக்கொண்டிருந்த காலத்தில், வெறும் கல்லென்று 1524இல் எழுதப்பட்ட தீவு தன் மண்ணைக் கூடை கூடையாக எண்ணிப் பார்த்தது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மால்டா உலகத்துக்கு ஒரு தொடரைத் தந்திருந்தது, அதுவும் ஆங்கிலத்தில். 1967 நவம்பர் 1 அன்று ஐக்கிய நாடுகள் அவையில் மால்டாவின் தூதர் அர்விட் பார்டோ எழுந்தார். ஆழ்கடல் தரையில் மாங்கனீசு உருண்டைகள் கிடக்கின்றன, தொழில்நுட்பம் உள்ள நாடுகள் அவற்றை அள்ளப் போட்டியிடும், அதற்கு முன் அந்தத் தரையை மனிதகுலத்தின் பொது மரபுரிமை என்று அறிவியுங்கள் என்று மணிக்கணக்கில் வாதாடினார். விடுதலை பெற்று மூன்றே ஆண்டு ஆன நாட்டின் குரல் அது. 1982ஆம் ஆண்டின் கடல் சட்ட உடன்படிக்கையின் 136ஆம் பிரிவில் அந்தத் தொடர் இடம்பெற்றது. இன்று ஆழ்கடல் சுரங்கம் பற்றிய ஒவ்வொரு சர்ச்சையும் அந்தப் பிரிவைத் தொட்டே நடக்கிறது.

1988இல் மால்டா மறுபடி எழுந்தது. இம்முறை பேசியவர் வெளியுறவு அமைச்சர் சென்சு டபோனே. அவர் தொழிலால் கண் மருத்துவர். மால்டாவின் கோசோத் தீவில் பார்வையைப் பறிக்கும் டிரக்கோமா நோயை ஒழிக்க உழைத்தவர். சட்டப் பேராசிரியர் டேவிட் அட்டார்டின் யோசனையைக் கையிலெடுத்து, பூமியின் தட்பவெப்பத்தையும் பொது மரபுரிமையாக அறிவிக்கக் கோரினார். மரபுரிமை என்ற சொல்லில் சொத்துப் பங்கீட்டின் வாடை இருந்தது, நாடுகள் தயங்கின. 1988 டிசம்பர் 6 அன்று பொது அவை நிறைவேற்றிய 43/53ஆம் தீர்மானம் தட்பவெப்ப மாற்றத்தை மனிதகுலத்தின் பொதுக் கவலை என்றது. 1992ஆம் ஆண்டின் தட்பவெப்ப உடன்படிக்கையின் முகப்புரையிலும் அதே தொடர் ஏறியது. சொத்தாகக் கேட்டது கவலையாகக் கிடைத்தது என்றாலும், பொது என்ற சொல்லை மால்டா விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு சுனையைப் பல வயல்கள் பங்கிட்டுக்கொள்ளும் தீவில் அந்தச் சொல்லின் கனம் எல்லோருக்கும் தெரியும்.

2004 மே 1 அன்று மால்டா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது மால்டியமும் அதன் ஆட்சிமொழிகளில் ஒன்றானது. அன்று ஐந்து லட்சம் பேர்கூட இல்லாத ஒரு நாட்டின் மொழியில், ஒன்றியத்தின் சட்டங்கள் முழுவதும் வெளிவர வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பாளர்கள் போதாமல் மூன்று ஆண்டு விலக்கு தரப்பட்டது. அந்தச் சட்டங்களில் கணிசமானவை சுற்றுச்சூழல் பற்றியவை: கழிவு, உமிழ்வு, வாழிடம், நீர்ப்பிடிப்பு. சுற்றுச்சூழலுக்கு அம்ப்யென்ட், கழிவுக்கு ஸ்கார்ட், மறுசுழற்சிக்கு ரிச்சிக்லாஜ் என்று பல சொற்கள் இத்தாலிய வார்ப்பில் அமைந்தன. மாசுக்கு மட்டும் பழைய மண்ணிலிருந்தே சொல் நின்றது: த்னிஜ்ஜிஸ். தமிழ் முஸ்லிம்கள் தொழுகைக்கு முன் கழுவி நீக்கும் அசுத்தத்தை நஜீஸ் என்பார்களே, அதே அரபு வேர். அனல்மின் நிலையப் புகையைச் சொல்லும் மால்டியச் சட்ட வாசகத்திலும் அந்தத் தீட்டின் உறுத்தல் இருக்கிறது. ஆங்கில வாசகத்தில் அது இல்லை.

சில சொற்கள் மொழிபெயர்ப்பாளர்களைத் திணறடித்திருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஐரோப்பிய நீர்க் கொள்கை, உறுப்பு நாடுகள் ஒவ்வொன்றும் தம் ஆற்றுப்படுகைகளை வகுத்து நிர்வகிக்கச் சொல்கிறது. ஆறே இல்லாத நாடு என்ன செய்யும்? மால்டா தன் தீவுகள் முழுவதையும் சேர்த்து ஒரே நீர்ப்பிடிப்பு மாவட்டம் என்று அறிவித்துக்கொண்டது.

அந்த மாவட்டத்தின் நிலத்தடி நீர் நெருக்கடியில் இருக்கிறது. தீவின் அடியில் கடல்நீருக்கு மேல் ஒரு நன்னீர்ப் படலம் மிதக்கிறது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகி அதை உறிஞ்ச உறிஞ்ச உப்பு மேலேறுகிறது. 1982இல் தென்கரையில் ஆர் லப்சி என்ற இடத்தில் தொடங்கிய சவ்வூடு சுத்திகரிப்பு ஆலையும் அதைத் தொடர்ந்தவையும் இன்று குழாய் நீரில் பாதிக்கு மேல் கடலிலிருந்து தருகின்றன. புதிய வீடுகளிலும் பிர் வெட்ட வேண்டும் என்ற விதி ஏட்டில் இருக்கிறது. ஆனால் பல கட்டடங்களின் மாடிநீர் தெருவில்தான் கொட்டுகிறது. வாலெட்டாவைக் கட்டியவர்கள் செய்ததைச் செய்யாமல் விட்டதற்கு வசதியின்மை காரணமல்ல. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது என்ற நினைப்பே காரணம்.

தெருவில் கொட்டும் நீர் எங்கே போகிறது என்பதற்கு பிர்கிர்காரா ஊரே சாட்சி. அங்கிருந்து ம்சீதா துறைமுகம் நோக்கி இறங்கும் நெடுஞ்சாலையின் பெயர் த்ரீக் இல்-வீத். ஆங்கிலப் பலகையில் பள்ளத்தாக்குச் சாலை. பள்ளத்தாக்கு என்றால் வெறும் நில அமைப்பு. வீத் என்றால் மழை வந்தால் நீர் ஓடும் தடம். அந்தத் தடத்தின் மேல்தான் தார் போட்டு, இருபுறமும் கடை கட்டியிருக்கிறார்கள். பெருமழை பெய்யும் ஒவ்வொரு முறையும் நீர் தன் பழைய வழியே திரும்பி வந்தது. கார்கள் மிதந்து போயின, கடைகளுக்குள் சேறு புகுந்தது. கான்டிலேனாவைக் கண்டெடுத்த வெட்டிங்கர் 1300 முதல் 1800 வரையான ஆவணங்களில் கிடைத்த ஊர்ப்பெயர், வயற்பெயர்களைத் திரட்டி 2000ஆம் ஆண்டில் பெரிய நூலாக வெளியிட்டார். சுனை, கிணறு, ஓடை என்று தொடங்கும் பெயர்கள் அதில் நிறைந்து கிடக்கின்றன. அவற்றில் எத்தனை இன்று தாருக்கும் கான்கிரீட்டுக்கும் அடியில் போயின என்று நகரமைப்பாளர் ஒருவர் வரைபடத்தோடு உட்கார்ந்து பார்த்தால், எங்கே வெள்ளம் வரும் என்பதற்குத் தனி ஆய்வு அதிகம் தேவைப்படாது. கடைசியில் ஐரோப்பிய நிதி உதவியோடு பிர்கிர்காரா உள்ளிட்ட ஊர்களின் அடியில் பாறையைக் குடைந்து பல கிலோமீட்டர் சுரங்க வடிகால்கள் அமைத்தார்கள். மழைக்காலத்தில் தெருவில் திரளும் நீரின் பெரும்பகுதியை அவை இப்போது கடலுக்குக் கொண்டு போகின்றன.